பின் இருக்கைக்கு எழுபது கிலோ

அன்பு மகனுக்கு,

வீட்டு நலமெல்லாம் உன் அம்மா தனியாக எழுதிப் போன வாரமே தபாலில் போட்டுவிட்டாள். அதனால் நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரிலிருந்து நீ அனுப்பிய தடித்த உறை வந்து பதினோரு நாளாகிறது. அதில் இரண்டு சங்கதி இருந்தன. ஒன்று, நீயும் உன்னோடு வேலை பார்ப்பவர்களும் சேர்ந்து இரண்டாவது விமானம் கட்டப்போவது. முதல் விமானத்தைப் போலவே இதுவும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து துண்டு துண்டாகப் பெட்டியில் வரவேண்டும், இங்கே நாம் பூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு இருக்கைகளையும் பக்கம் பக்கமாகப் போடுவதா, ஒன்றன் பின் ஒன்றாகப் போடுவதா என்று கேட்டுப் படிவத்தையும் வைத்திருந்தாய். "சீட்டு விஷயத்தில் உங்களைக் கேட்காமல் எப்படி?" என்று எழுதியிருந்தாய். முப்பத்தைந்து வருடமாகப் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறவனிடம் கேட்பது நியாயம்தான். இரண்டாவது சங்கதி, பேரனுக்கு அடுத்த மாதம் மொட்டை போட்டுக் காது குத்துவது. அதை எழுதிவிட்டுக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தாய். "இவன் என்னைவிடத் தன் மாமனிடம்தான் ஒட்டிக்கொள்கிறான் அப்பா, பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிகிறது."

அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம். நீ "கொஞ்சம்" என்று எழுதியிருக்கிறாய். நானும் ஆரம்பத்தில் கொஞ்சம் என்றுதான் நினைத்தேன். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று உனக்குச் சொல்லக்கூடியவன் இந்தச் சீமையிலேயே நான் ஒருவன்தான். அதைச் சொல்வதானால் எட்டு வருடமாக மூடி வைத்திருந்ததையும் சொல்லியாக வேண்டும். உன் கேள்விக்கு என் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

உனக்குக் காது குத்தியபோது உனக்கு வயது ஒன்றரை. குலதெய்வக் கோயிலில் ஊரே கூடியிருந்தது. உன்னைப் பெற்றவன் நான். கிடா வாங்கியவன் நான். பந்தல் போட்டவன் நான். ஆனால் ஆசாரி ஊசியை எடுத்ததும் எல்லோரும் ஒரே குரலாக "தாய்மாமன் எங்கப்பா, மடியில வச்சுக் குத்தணும்ல" என்றார்கள். அப்போது மீசைகூடச் சரியாக முளைக்காத உன் மாமன் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். உன்னை என் கையிலிருந்து வாங்கி அவன் மடியில் வைத்தார்கள். ஊசி இறங்கியதும் நீ வீறிட்டுக் கத்தினாய். நான் இரண்டு கையையும் நீட்டினேன். நீ திரும்பிக்கொண்டு அவன் சட்டையைப் பிடித்து அவன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாய். பெண்களெல்லாம் சிரித்தார்கள். "மாமனைக் கண்டா அப்பன் எதுக்கு" என்றாள் ஒருத்தி. நானும் சிரித்தேன். ஆனால் நீட்டிய கையை மடக்கிக்கொள்ள எனக்கு ரொம்ப நேரமானது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. உன் மாமன் விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்தான். வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவான். உனக்கு ஆறு வயதிருக்கும்போது நான் மூன்று மாதம் உட்கார்ந்து தேக்குத் துண்டில் ஒரு பஸ் செய்தேன். கதவு திறக்கும், ஸ்டியரிங் சுற்றும், உள்ளே நாற்பது சீட்டும் தனித்தனியாக இருக்கும். அந்தத் தீபாவளிக்கு உன் மாமன் வந்தான், கடையில் வாங்கிய ஒரு தகர விமானத்தோடு. சாவி கொடுத்தால் கிர்ரென்று தரையில் ஓடும், அவ்வளவுதான், ஓர் அடி பறக்காது. நீ அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினாய். என் பஸ்ஸில் உன் அம்மா சின்ன வெங்காயம் போட்டு வைத்தாள். அந்தத் தகரத்தின் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது என்று சொன்னால் சிரிப்பாய். ஒருநாள் அதன் சாவி தொலைந்துபோனது, நினைவிருக்கிறதா? நீ இரண்டு நாள் அழுதாய். சாவி தொலையவில்லை. என் ஆணி டப்பாவில் இருந்தது. மூன்றாம் நாள் நானே "கண்டுபிடித்து"க் கொடுத்து நல்ல பெயரும் வாங்கிக்கொண்டேன்.

நிலாவில் ஆள் இறங்கிய மறு வருடம் நீ எஞ்சினீயரிங் முடித்திருந்தாய், விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டிருந்தாய். உன் மாமன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சாக்கோட்டையில் குடியேறியிருந்தான். செக்காலையில் இருக்கும் நம் பஸ் பட்டறையில்தான் விமானம் கட்டப்போகிறேன் என்று நீ சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கூரை, என் ஆசாரிகள், என் ரம்பம். ஆனால் தினமும் சாயங்காலம் சாக்கோட்டையிலிருந்து சைக்கிள் வரும். நீங்கள் இருவரும் படத்தை விரித்து வைத்துக்கொண்டு எனக்குத் தெரியாத வார்த்தைகளில் பேசுவீர்கள். நான் கிட்டே வந்தால் "ஒண்ணுமில்லப்பா, சீட்டைப் பத்தித்தான்" என்பாய். சீட்டைப் பற்றி என்னிடம் அல்லவா பேசவேண்டும்? ஓட்டுபவன் ஒருவன், கூட வருபவன் ஒருவன். விமானத்தில் மொத்தமே இரண்டு சீட்டு. அந்த இரண்டாவது யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காது குத்தில் மடியைக் கொடுத்தவனுக்கு நீ பக்கத்து இடத்தைக் கொடுக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் ஒருமுறை சிங்கம்புணரிச் சந்தைக்கு மரம் பார்க்கப் போனோம். கடலை மண்டியில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசைக் கண்டதும் நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். "சும்மா ஏறுங்கப்பா, பாப்போம்" என்றாய். தொண்ணூற்று நாலு கிலோ காட்டியது. மண்டிக்காரர் "ஒண்ணரை மூட்டைக்குக் கொறையாது" என்றார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். என் தொந்தியைக் கேலி செய்யத்தான் ஏற்றினாய் என்று எண்ணி வழியெல்லாம் உன்னோடு பேசாமல் வந்தேன். நீ எண்ணைச் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டதை நான் பார்த்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. ரோஷம்.

இனி நான் எழுதப்போவதைப் பொறுமையாகப் படி. அன்று நீ மதுரைக்கு அவசரமாகக் கிளம்பினாய். கம்பெனிக்குப் போகவேண்டிய படிவத்தை உறையில் வைத்து, ஒட்டாமல், என்னிடம் தந்தாய். தபாலாபீஸில் எடை போட்டுத் தபால்தலை ஒட்ட வேண்டும் என்றாய். நீ பஸ் ஏறியதும் நான் உறையைத் திறந்தேன். பக்கம் பக்கமாக இரண்டு சீட்டு ஒரு படம், முன்னும் பின்னுமாக இரண்டு சீட்டு ஒரு படம், ஒவ்வொன்றின் கீழும் ஒரு கட்டம். நீ முதல் கட்டத்தில் டிக் போட்டிருந்தாய். நானும் நீங்கள் பேசும்போது கேட்டிருக்கிறேன். பக்கம் பக்கமாகப் போட்டால் உடம்பு அகலம், காற்றுத் தடுக்கும், வேகம் குறையும். முன்பின்னாகப் போட்டால் ஒல்லியாக, சுருக்காகப் போகும். அப்படியிருந்தும் நீ அகலத்தைத்தான் கேட்டிருந்தாய், அவனோடு தோள் உரசிக்கொண்டு போகவேண்டும் என்பதற்காக வேகத்தைக்கூட விட்டுக்கொடுத்திருந்தாய் என்று நான் படித்துக்கொண்டேன். பேனாவை எடுத்தேன். உன் டிக்கை ஒரு கோடு போட்டு அடித்தேன். இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டேன். உட்காரட்டும், பின்னால் உட்கார்ந்து உன் பிடரியைப் பார்த்துக்கொண்டே வரட்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். பஸ் ரிஜிஸ்தர் காகிதங்களில் திருத்தம் செய்தால் ஓரத்தில் கையெழுத்து வைக்கவேண்டும் என்று பழகிய கை சும்மா இருக்குமா? திருத்திய இடத்தில் என் சின்னக் கையெழுத்தையும் வைத்து, உறையை ஒட்டி, தபாலாபீஸுக்கு நானே நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். திரும்பும்போது காப்பி கிளப்பில் இரண்டு வடை தின்றேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

அனுமதி, சுங்கம் என்று அலைந்து பெட்டி வந்துசேர ஒன்றரை வருடமானது. வந்த அன்று நீ ஊரில் இல்லை. ஆணியைப் பிடுங்கியவன் நான். மேலாகவே ஒரு காகித உறை, அதில் நாம் அனுப்பிய படிவத்தின் நகலைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். என் கையெழுத்து என்னைப் பார்த்து முழித்தது. பதறிப்போய் மடிக்கப்போனேன், அப்போதுதான் தாளின் பின்பக்கம் கண்ணில் பட்டது. முதல்முறை நான் அதைத் திருப்பிப் பார்க்கவேயில்லை. ஓட்டுபவர் எடை என்று ஒரு வரி, உடன் வருபவர் எடை என்று ஒரு வரி. உடன் வருபவர் எடை இருநூற்று ஏழு ராத்தல். நான் ராத்தல் கணக்கில் வளர்ந்தவன் மகனே, எனக்குக் கணக்குப் போட நேரமாகவில்லை, சிங்கம்புணரித் தராசு காட்டிய அதே தொண்ணூற்று நாலு கிலோ. உன் மாமன் நனைந்து நின்றாலும் நூற்றிருபது ராத்தலைத் தாண்டமாட்டான். அதற்குப் பக்கத்தில், உறவு என்ற இடத்தில், இங்கிலீஷில் "தந்தை" என்று உன் கோழிக்கிறுக்கலில் எழுதியிருந்தாய்.

அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை கேட்டிருப்பாய். அவனுக்காவது எதிரி என்று ஒருவன் இருந்தான். நான் எதிரியே இல்லாமல் அறுத்துக்கொண்டேன். அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பட்டறையில் நான் உட்காரும் பழைய பஸ் சீட்டின் ரெக்ஸினைப் பிரித்து, தேங்காய் நாருக்கு நடுவே அந்தத் தாளை வைத்து, திரும்பத் தைத்துவிட்டேன். இன்றுவரை அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

நீ வந்து பெட்டியைப் பார்த்தாய். குறுகலான சட்டங்களை எடுத்து எடுத்து அளந்தாய். "நான் கேட்டது ஒண்ணு, வந்திருக்கறது ஒண்ணு" என்றாய். உன் மாமன் "அவுக எப்படி மாத்தி அனுப்புவாக? நீதான் அவசரத்துல தப்பான கட்டத்துல போட்டுருப்ப" என்றான். நீயும் "அப்படித்தான் இருக்கும் மாமா, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் சுத்தியல் இருந்தது. நீ உன்னையே திட்டிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு நின்றேன், வாயைத் திறக்கவில்லை. படிவத்தைத் திருத்தியது ஆத்திரத்தில் செய்தது, அதை நான் ஒருவேளை மன்னித்துவிடுவேன். அன்று வாயை மூடி நின்றதை மன்னிக்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.

திருப்பி அனுப்பினால் மறுபடி அனுமதிக்கு அலைய வேண்டும் என்று வந்ததையே கட்டத் தொடங்கினாய். அந்த இரண்டு வருடமும் என்னைப்போல உழைத்தவன் யாருமில்லை என்று நீயே எல்லோரிடமும் சொன்னாய். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது, அதான் உழைத்தேன். ரெக்கைக்குத் துணி போர்த்தும்போது தையல் பிசகாமல் இருக்க நானே உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாகப் போட்டேன். ஒருநாள் உன்னிடம் மெல்லக் கேட்டேன், பின் சீட்டில் எவ்வளவு பாரம் தாங்கும் என்று. நீ சொன்னாய், "பக்கம் பக்கமா இருந்தா ரெண்டு பேர் பாரமும் ரெக்கைக்குக் கீழயே விழும்ப்பா, ஆளு கூடக்கொறைய இருந்தாலும் ஒண்ணுமில்ல. இதுல பின்னால ஏறுற பாரம் பின்பாரம். வண்டியில பின்பாரம் ஏறுனா மாட்டோட கழுத்தைத் தூக்குமில்ல, அதே மாதிரிதான். எழுபதுக்கு மேல கூடாது." நீ என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். ஏன் பார்க்கவில்லை என்று எனக்குப் புரிந்தது, எனக்குப் புரிந்தது உனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து நான் ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். காலையில் கம்பங்கூழ், மத்தியானம் ஒரு கரண்டி சோறு. உன் அம்மா எனக்குச் சீக்கு வந்துவிட்டதென்று வைத்தியரைக் கூட்டிவந்தாள். அதிகாலையில் தேவகோட்டை ரோட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன், நாய் துரத்தியது. மாதம் ஒருமுறை மரம் வாங்கும் சாக்கில் சிங்கம்புணரிக்குப் போய்த் தராசில் ஏறினேன். தொண்ணூற்று நாலு எண்பத்தொன்பதானது, எண்பத்தாறானது. அதற்குக் கீழே ஒரு கிலோ இறங்கவில்லை. எலும்பே அவ்வளவு இருக்கும்போல. ஒரு சாயங்காலம் நீ வந்து, "அப்பா, பின் சீட்டுல ஒரு தகடு அடிக்கணும், உங்க கையால எழுதிக் குடுங்க" என்றாய். எத்தனை பஸ்ஸில் "இருக்கைகள் நாற்பது" என்று எழுதியிருக்கிறேன். அன்று அந்தச் சின்னத் தகட்டில் "பின் இருக்கைக்கு எழுபது கிலோ" என்பதை இரண்டு தரம் அழித்து எழுதினேன். நான் உன்னோடு பறக்க வராததற்கான காரணத்தை நானே எழுதிக் கொடுத்தேன்.

பிறகு அந்த நாள். யுத்த காலத்தில் போட்ட அந்தப் பழைய ஓடுபாதையில் ஆடுகளை விரட்டிவிட்டு விமானத்தை நிறுத்தினோம். நீ தனியாக ஏழெட்டுமுறை பறந்து பார்த்துவிட்டாய். இனி ஆளை ஏற்றலாம் என்றாய். உன் மாமன் பட்டாளத்துத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பின் சீட்டில் ஏறினான், சின்னப்பிள்ளைபோலக் கால் அத்தனை சுளுவாகப் போனது. சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கட்டையை இழுத்தவன் நான். நீங்கள் இருவரும் மேலே போனீர்கள். ஜனம் கை தட்டியது. நான் அண்ணாந்து பார்க்கவில்லை. கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் ஓடும் நிழலைத்தான் பார்த்தேன். நான் செய்த காரியமே அவனைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே வைத்திருக்கிறது என்று தெரிந்தும், தெரிந்தேதான், எனக்கு அவன் மேல் பொறாமை பொங்கியது. பொறாமைக்கு நியாயம் ஏது?

இறங்கியதும் அவன் நேராக என்னிடம் வந்தான். கண் கலங்கியிருந்தது, காற்றா வேறெதுவா தெரியாது. "மச்சான், நீங்க வந்திருக்கணும். எனக்கு அவன் பிடரிதான் தெரிஞ்சுச்சு. ஒரு வார்த்தை பேச முடியல" என்றான். நான் "ஒனக்கென்னப்பா, பறந்துட்டு வந்துட்டே" என்றேன் வெடுக்கென்று. அவன் என் வலது பக்கமாக வந்து நின்றுகொண்டு சொன்னான். "அந்தப் பக்கத்து சீட்டு எனக்குன்னா நெனச்சீக? தகரத்தை அடிச்சு அடிச்சு உங்களுக்கு எடது காது மந்தமாப் போச்சு, அப்பா என் வலப்பக்கம் உக்காந்தா நான் பேசுறது கேக்காது, எடப்பக்கம் உக்கார வைக்கணும் மாமான்னு ஒரு மாசம் என்னையப் போட்டுப் படுத்துனான். பாவி, டிக்கை மாத்திப் போட்டுட்டான்." நான் தலையை மட்டும் ஆட்டினேன். அப்போதும் சொல்லவில்லை.

இப்போது அந்த விமானம் ரெக்கை கழற்றிப் பட்டறை மூலையில் நிற்கிறது. உனக்குத் தெரியாத ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் நான் அதன் பின் சீட்டில் ஏறி உட்காருவதுண்டு. ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். உட்கார்ந்தால் முன் சீட்டின் முதுகு தெரியும், உன் தலை இருக்கவேண்டிய இடம் தெரியும். பிடரியை மட்டுமாவது அவன் பார்த்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பக்கம் பக்கமாகவே போடு. வேகம் குறைந்தால் குறையட்டும். பஸ்ஸோ விமானமோ, பேச்சுத்துணைக்கு ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும், பாரம் கூடினாலும் குறைந்தாலும் கவிழக்கூடாது. அதைவிட முக்கியம் பேரன் விஷயம். அடுத்த மாதம் அவனை அவன் மாமன் மடியில் நீயே கொண்டுபோய் வை. யாராவது உன் கையிலிருந்து வாங்கும்வரை காத்திருக்காதே. வாங்கினால் எரியும், கொடுத்தால் எரியாது. எரிந்தாலும் உன் மனைவியிடமோ அவள் தம்பியிடமோ அன்றைக்கே சொல்லிவிடு. "எனக்குப் பொறாமையாக இருக்கிறது" என்று நான் ஒரே ஒரு தடவை உன்னிடம் சொல்லியிருந்தால் நீ சிரித்திருப்பாய், சீட்டு யாருக்கு என்று சொல்லியிருப்பாய், நான் ஆகாயத்தைப் பார்த்திருப்பேன். பிள்ளைக்கு மாமன் இருந்தால் அப்பன் குறைந்துபோவதில்லை. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு முப்பது வருடமானது, முழுசாகக் கற்றுக்கொண்டேன் என்றும் சொல்லமாட்டேன்.

இன்று காலை ரெக்ஸினைப் பிரித்து அந்தத் தாளை எடுத்துவிட்டேன். என் கையெழுத்தோடு இத்துடன் வைத்திருக்கிறேன். தப்பான கட்டத்தில் டிக் போட்டவன் நீ இல்லை. நீ அனுப்பிய புதுப் படிவத்தையும் வைத்திருக்கிறேன், அதில் நான் பேனாவை வைக்கவில்லை. உறையை ஒட்டவில்லை. நாளை பெங்களூர் வருகிற உன் மாமன் கையில் திறந்தபடியே கொடுத்தனுப்புகிறேன். "படிச்சுட்டுக் குடு மாப்ள" என்று சொல்லித்தான் கொடுக்கப்போகிறேன். ரயில் வண்டியில் அவனுக்கு நேரம் இருக்கும்.

புதுப் படிவத்தின் பின்பக்கம் உடன் வருபவர் எடை என்ற இடம் காலியாக இருக்கிறது. நேற்றுச் சிங்கம்புணரி போய் வந்தேன். எண்பத்தெட்டு கிலோ என்று எழுதிக்கொள். உன் மாமனை இரண்டாவதாக ஏற்று.

உன் அப்பா